சாம்பிராணிக்கு அடங்காத வாடை

பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடான் மலிவு விலை அடுக்குமாடிகளில் சில வீடுகளின் கதவைத் திறந்ததுமே நனைந்த சாக்கு வாடை மூக்கில் ஏறும். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. நாள் முழுக்க அதையே சுவாசித்தால் மூக்கு பழகிவிடும். தீபாவளிக்கு வந்த விருந்தாளி முகம் சுளித்த பிறகுதான் ஊதுபத்தியும் சாம்பிராணியும் புகைய ஆரம்பிக்கும். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லையோ என்று பெண்கள் கூசிப்போவார்கள். கூச வேண்டியதில்லை. பூஞ்சணத்தை வளர்ப்பது முதலில் ஈரம்தான்.

வாடை சொல்லும் சேதி

பூஞ்சணம் வளரும்போது வெளிவிடும் ஆவிதான் அந்த வாடை. சுவரில் கறுப்புப் புள்ளி தெரியாவிட்டாலும் அலமாரியின் முதுகுப்புறம், மெத்தையின் அடி, சிலிங் பலகைக்கு மேல், ஏர்கோன் தண்ணீர்த் தட்டு என்று எங்காவது அது வளர்ந்துகொண்டிருக்கலாம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ வெளிக்காற்றே சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. எனவே மழை நேரத்தில் சன்னலைத் திறந்து பயனில்லை. வெயில் ஏறிய பிறகு திறந்து, காற்றாடியையும் போடுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

நெஞ்சுக்கு ஆகாது

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா தொல்லை கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே வழிகாட்டி வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் சாவுக்கு, குடியிருந்த வீட்டின் பூஞ்சணமே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. நம் பக்கத்தில் 2021 டிசம்பர் வெள்ளம் தாமான் ஸ்ரீ மூடா வீடுகளை மூழ்கடித்தது. அப்படி நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

அந்துருண்டை போட்டு வாடையை மறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங்குழந்தைக்கு நாப்தலின் உருண்டையோடு வைத்த துணி ஆபத்து; இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். பிறந்தவுடன் மருத்துவமனையில் எடுத்த பரிசோதனையின் முடிவைப் பாருங்கள்.

மேல்வீட்டுக் குளியலறை

அடுக்குமாடியில் வாடைக்கு வேர் பல நேரம் நம் வீட்டிலேயே இருக்காது. சிலிங்கில் மஞ்சள் கறை படர்ந்தால் மேலே குழாயோ குளியலறைத் தரையோ கசிகிறது. அதன் மேல் சாயம் பூசுவது பணத்தைக் கரைக்கும் வேலை. மேல்வீட்டாரோடு சண்டைக்கும் போகாதீர்கள். ஸ்ட்ராட்டா குடியிருப்பாக இருந்தால், 2015-ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஏழு நாளுக்குள் அவர்கள் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்து ஐந்து நாளுக்குள் 28-ஆம் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை பழுது மேல்வீட்டில்தான் என்று விதி எடுத்துக்கொள்கிறது. நிர்வாகம் அசையாவிட்டால் பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தின் கட்டட ஆணையர் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம்.

துடைக்கும்போது

கசிவை அடைத்த பிறகே துடையுங்கள். முகக்கவசம், கையுறை அவசியம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஓடு, மொசைக் இடுக்குகளுக்கு மட்டும் கிளோரோக்ஸைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம். அதனோடு வினிகரையோ கழிவறைத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பூஞ்சணம் ஊறிய பஞ்சு மெத்தை, உப்பிய பிளைவுட் பலகை இரண்டையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எறிந்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும்போது இருமும் பிள்ளை, பாட்டி வீட்டில் நான்கு நாள் தங்கினால் இருமாமல் தூங்குகிறதா? டாக்டரிடம் போகும்போது வீட்டு வாடையைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.