கைக்கு ஏற்ற யுகுலேலே

பக்கவாதத்திற்குப் பின் இடது கையில் வலுக்குறைவு எஞ்சியிருந்த ஒருவர் மறுபரிசோதனைக்கு வந்தபோது, "இந்தக் கை இனி எதற்கும் உதவாது, டாக்டர்" என்றார். எங்கள் பரிசோதனையிலோ கை மெல்லத் தேறிவருவது தெரிந்தது. காரணம் வினவினோம். மகள் வாங்கித் தந்த யுகுலேலேயில் ஒரு சுரத்தைக்கூடத் தெளிவாக எழுப்ப இயலவில்லையாம். அடுத்த முறை அதைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். தந்திகள் கழுத்துப் பலகையிலிருந்து மிக உயர்ந்து நின்றன. எங்கள் விரல்களுக்கே அவை எளிதில் படியவில்லை. குறை கையில் இல்லை, கருவியில் இருந்தது. அவருடைய இசைவுடன் இதனை இங்கு எழுதுகிறோம்.

உடல் தேறும் நாட்களில் புதிதாக ஒன்றைக் கற்க விரும்புவோர்க்கு யுகுலேலே ஏற்ற கருவியே. 1879ஆம் ஆண்டு மதீராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய போர்ச்சுகீசியர் கொண்டுசென்ற சிறு தந்திக் கருவிகளிலிருந்து இது உருவாயிற்று. எடை குறைவு, தந்திகள் நான்கே. அவை பெரும்பாலும் நைலான் வகையின என்பதால், எஃகுத் தந்திகளைப் போல் விரல்நுனியை உறுத்துவதில்லை.

சிறியதே எளியது என்று எண்ணிவிடலாகாது. மிகச் சிறிய சோப்ரானோ வகை சுமார் 21 அங்குல நீளமுடையது. குழந்தைகளுக்கும் சிறிய கையுடையோர்க்கும் பொருந்தும். மூட்டு வீக்கமோ விரல் விறைப்போ உள்ளவர்களுக்கு அதன் மெட்டுகள் நெருக்கமாகத் தோன்றும். அவர்கள் சுமார் 23 அங்குல நீளமுள்ள கான்சர்ட் வகையைத் தேர்வது நன்று.

கடையில் நோயாளியே கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டரை மிஞ்சினால் அழுத்துவது கடினம். கழுத்தின் ஓரமாக விரலை மெல்ல நகர்த்துங்கள். மெட்டின் முனைகள் கீறக்கூடாது. நீரிழிவினால் விரல் உணர்ச்சி குறைந்தோரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். சுருதி சேர்க்கும் திருகாணிகள் சீராகத் திரும்புகின்றனவா என்றும் பாருங்கள். புதிய நைலான் தந்திகள் முதல் சில நாட்கள் நீண்டுகொடுப்பதால் சுருதி அடிக்கடி இறங்கும். அது பழுதன்று.

தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். வலியோ மரத்துப்போதலோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள். அண்மையில் நெஞ்செலும்பைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்துலா உள்ளோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இசைப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சிக்கு மாற்றாகாது.

உடனிருந்து பராமரிப்போர்க்கு ஒரு வேண்டுகோள்: விரல் தடுமாறும்போது நீங்கள் பிடித்து அழுத்தாதீர்கள், காத்திருங்கள்.

அந்த நோயாளியின் கருவியில் தந்திகளைத் தாழ்த்தித் தருமாறு கடைக்காரரிடம் கேட்கச் சொன்னோம். அடுத்த வருகையில் மோதிர விரலால் ஏ தந்தியின் மூன்றாம் மெட்டை அழுத்தி, நான்கு தந்திகளையும் ஒருசேர மீட்டினார். அந்த ஒற்றை விரலில் எழுவதே சி கார்ட். ஒலி சற்றே நடுங்கியது. ஆயினும் தெளிவாகக் கேட்டது. தம் கையைப் பற்றி அன்று அவர் குறை எதுவும் கூறவில்லை.