கண்ணெதிரே மாறிய முகம்!

குழந்தைகளே, நல்ல டாக்டர் ஒருவர் தான் தயாரித்த மருந்தைக் குடிக்கிறார். உடனே அவர் முகத்தில் கருநிழல் படர்கிறது, கோடுகள் தோன்றுகின்றன. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே முகம் பயங்கரமாக மாறுகிறது! நடுவில் காட்சி எங்கும் வெட்டப்படவில்லை. கேமரா முகத்தை விட்டு நகரவும் இல்லை. கம்ப்யூட்டர் வேலையாக இருக்குமோ என்கிறீர்களா? அதற்கு வழியே இல்லை. இது 1931-ல் ஹாலிவுட்டில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். பெயர், 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்'.

'புதையல் தீவு' கதையை எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவர் 1886-ல் வெளியிட்ட கதைதான் இது. படத்தை இயக்கியவர் ரூபன் மமூலியன். ஒளிப்பதிவு செய்தவர் கார்ல் ஸ்ட்ரஸ். முகம் மாறிய ரகசியத்தை மமூலியன் பல ஆண்டுகள் வெளியே விடவே இல்லை.

அந்த ரகசியத்தை உங்கள் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், வாருங்கள். பரிசுப்பொருள் சுற்றும் கண்ணாடித்தாள் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு முகம் வரையுங்கள். அதற்குச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் முறுக்கு மீசையும், நெற்றியில் சுருக்கங்களும் போடுங்கள். இரவில் அறையை நன்றாக இருட்டாக்கிவிட்டு, டார்ச் லைட்டின் முகப்பில் சிவப்புத்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி வெளிச்சம் அடியுங்கள். மீசை ஏறத்தாழ மறைந்துவிடும்! பச்சைத்தாளை மாற்றுங்கள். மீசை கருகருவென்று முளைத்து நிற்கும்.

காரணம் எளிது. சிவப்பு விளக்கில் வெள்ளைத் தாளும் சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு மையும் அதையே அனுப்புகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் கண் ஏமாறுகிறது. பச்சை ஒளியை வெள்ளைத் தாள் திருப்பி அனுப்பும். சிவப்பு மையோ விழுங்கிவிடும். ஒளி வராத இடம் கறுப்பாகத்தானே தெரியும்?

ஸ்ட்ரஸ் செய்ததும் இதுவே. நடிகர் ஃப்ரெட்ரிக் மார்ச்சின் முகத்தில் கோடுகளையும் நிழல்களையும் முன்கூட்டியே வண்ணத்தில் தீட்டிவிட்டார்கள். கேமராவுக்கு முன்னால் அதே நிறக் கண்ணாடி இருந்தவரை அவை தெரியவில்லை. படம் ஓட ஓடக் கண்ணாடியை மெல்ல வேறு நிறத்துக்கு மாற்றியதும், ஒளிந்திருந்த கோடுகள் வெளியே வந்தன. 1925-ல் வந்த 'பென்ஹர்' மௌனப் படத்திலும் ஸ்ட்ரஸ் இந்த வித்தையைக் காட்டியிருந்தார். அங்கே தலைகீழ்! நோயாளிகளின் முகத்திலிருந்த புண்கள் அதிசயமாக மறைந்துபோயின.

ஆனால், வண்ணக் கண்ணாடியால் பல் நீளுமா, முடி வளருமா? வளராது. அதற்கெல்லாம் படப்பிடிப்பை நிறுத்தி நிறுத்தி ஒப்பனை செய்துதான் எடுத்தார்கள். என்னைக் கேட்டால், மார்ச் தன் முகத் தசைகளைக் கோணலாக்கி நடித்ததற்கும் இந்த வெற்றியில் சரிபாதி பங்கு உண்டு. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

வண்ணப் படத்தில் இந்த வேலை அப்படியே பலிக்காது. முகத்தோடு சேர்ந்து சுவர், சட்டை எல்லாமே சிவப்பிலிருந்து பச்சையாக மாறிவிடுமே! நிறம் காட்டத் தெரியாத கருப்பு வெள்ளைப் படச்சுருள்தான் இந்த வித்தைக்குத் துணை நின்றது.

வீட்டில் தம்பி தங்கைக்குக் காட்டும்போது, படத்தை முன்கூட்டியே கண்ணில் காட்டிவிடாதீர்கள். முதலில் சிவப்பு வெளிச்சம், பிறகுதான் பச்சை!