டர்போ எஞ்சினின் மூச்சுக்குழல்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரைக் கவனித்திருப்பீர்கள். மெல்ல நடப்பவருக்கு மூக்கால் இழுக்கும் மூச்சே போதும். அவரே ஓடத் தொடங்கினால் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார். கார் எஞ்சினும் இப்படித்தான். அதற்கு வலிமை தருவது பெட்ரோல் மட்டுமன்று, காற்றும்தான்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று!

காற்றைத் திணிக்கும் சக்கரம்

வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் பயனைப் பாருங்கள்: 2019-இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூ காரில் டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினின் திறன் 83 குதிரைத்திறன். டர்போ பூட்டிய 1 லிட்டர் எஞ்சினின் திறனோ 120.

வாய்க்காலும் ஏரியும்

டர்போ அழுத்திய காற்று சூடேறிவிடும். அதைக் குளிர்வித்த பின் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் குழாய்த் தொகுதியே 'இன்டேக் மேனிபோல்டு'. அதிலுள்ள பெரிய அறை ஏரி போன்றது. கிளைக் குழாய்கள் வாய்க்கால்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது, பிஸ்டன் ஒரு முறை காற்றை இழுக்கக் கிடைக்கும் நேரம் சுமார் 1/200 விநாடிதான்!

நீண்ட கிளைக்குழாய்கள் குறைந்த வேகத்தில் நல்ல இழுவை தரும். குட்டையான, அகன்ற குழாய்கள் மிகுந்த வேகத்தில் திறனைக் கூட்டும். ஆகவே பந்தயக் கார்களில் மேனிபோல்டை மாற்றுகிறார்கள். ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நன்மையானது, திருவண்ணாமலைத் தேரடி வீதி நெரிசலில் இழப்பாகலாம்.

கடைமடையின் கதை

திறனைவிட முக்கியமானது சமமான பங்கீடு. மேனிபோல்டின் வடிவம் பிசகினால் தலைமடைக்கு ஓர் அளவு, கடைமடைக்கு வேறு அளவு என்று காற்று போகும். பெட்ரோலோ எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவாகத் தெளிக்கப்படும். காற்று மிகுந்த சிலிண்டரில் வெப்பம் ஏறும். தீச்சுடர் சென்று சேருமுன்பே எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். இதுவே 'நாக்கிங்'. தொடர்ந்தால் பிஸ்டன் உடையும் அல்லது உருகும்.

புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் உணர்கருவி இதைக் காட்டிக் கொடுக்காதா? பெரும்பாலும் இல்லை. எல்லாச் சிலிண்டர்களின் புகையும் கலந்த பின்னரே அது அளக்கிறது. ஒன்றில் மிகையும் மற்றொன்றில் குறையும் சேர்ந்து, சராசரி சரியாகவே தோன்றும்!

எனவே புதிய மேனிபோல்டை வாங்குமுன் பழுதில்லாத காற்று வடிகட்டியும், கசிவில்லாத ரப்பர் குழாய்களும் உங்கள் காரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். திணித்த காற்று ஒரு சிறு வெடிப்பில் கசிந்தாலும் திறன் குறையும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் (1988) 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஏரியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. கடைமடைக்கும் தண்ணீர் சரியாகப் போய்ச் சேர வேண்டும். உழவர்கள் அறிந்த இந்த உண்மை எஞ்சினுக்கும் பொருந்தும்.