உற்றறியும் கை

பேருந்தில் நடத்துநர் அருகில் வந்துவிடுகிறார். பையின் அடியில் பேனா, சாவி, அழிப்பான் ஆகியவற்றுக்கு நடுவே ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கிடக்கிறது. கண்கள் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் அதைத் தேடி எடுத்துவிடுகின்றன. சாவியின் பல்லையும் நாணயத்தின் வட்ட விளிம்பையும் அவை பார்க்காமலே பிரித்தறிகின்றன. நாள்தோறும் நிகழ்வதால் இதனை எவரும் ஒரு திறமையாக எண்ணுவதில்லை.

தமிழ் இலக்கணம் இதற்கு உயர்ந்த இடம் தந்துள்ளது. உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஆறு வகையாகப் பிரித்த தொல்காப்பியர், முதல் அறிவாக வைத்தது தொடுவுணர்வையே. புல்லும் மரமும் ஓரறிவுயிர்கள். அந்த ஓர் அறிவுக்கு உற்றறிவு என்று பெயர். உறுதல் என்றால் தொடுதல். சுவை, மணம், காட்சி, ஒலி ஆகியவற்றை அறியும் அறிவுகள் எல்லாம் அதன் பின்னரே வருகின்றன.

ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் மட்டும் ஏறத்தாழ 17,000 உணர்வேற்பிகள் உள்ளன. அவற்றுள் சில மெல்லிய தொடுதலையும், சில அழுத்தத்தையும், சில அதிர்வையும், சில தோல் இழுபடுவதையும் உணர்கின்றன. அழுத்தம் எவ்வாறு மின்குறிப்பாக மாறுகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. உயிரணுக்களின் சவ்வில் அழுத்தம்பட்டால் திறக்கும் 'பியசோ' என்னும் நுண்ணிய வாயில்களை ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் 2010இல் கண்டறிந்தனர். வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுடன் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

இந்த உணர்வு இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய ஊர்களில் ஒன்று வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். அவனுக்கு அவ்வளவு வலிமை எப்படி வந்தது என்று வியந்தவர், அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டார். சாவி எலும்பு தெரியுமளவுக்குத் தோலைக் கிழித்திருந்தது. அவனோ அதை உணரவே இல்லை. நரம்புகள் வலியை உணர்த்தாதபடியால் கை அளவுக்கு மீறி அழுத்துகிறது, காயம்பட்டதும் தெரிவதில்லை, அக்காயமே விரலைத் தின்றுவிடுகிறது. உறங்கும்போது விரல்களை எலி கடித்தாலும் சிலர் விழிப்பதில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அதனால் வீடு திரும்பும் நோயாளிகள் ஒரு பூனையை உடன்கொண்டு செல்லவேண்டும் என்பது அங்கு விதியாயிற்று. மருத்துவமனை எழுதிக்கொடுத்த மருந்துகளுள் இதைவிட விந்தையானது வேறொன்று இருந்திருக்க முடியாது!

பின்னர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, இழந்த உணர்வைக் கருவியால் திருப்பித்தர பிராண்ட் முயன்றார். அழுத்தத்தை அளக்கும் உணரிகளைக் கையுறைகளில் பொருத்தினர். அழுத்தம் மிகுந்தால் காதருகே ஒலி எழும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை. இறுதியாக, உணர்வு மிஞ்சியிருந்த அக்குளில் சிறு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு அமைத்தனர். திருகுமறையை முடுக்கிக்கொண்டிருந்த ஒருவர், அதிர்ச்சி வந்ததும் கருவியை அணைத்தார். மறையை இறுக்கி முடித்தார். பிறகு மீண்டும் கருவியை இயக்கினார். இயற்கையான வலியை அணைத்துவைக்க ஒருவராலும் இயலாது. அணைக்கக்கூடிய வலி எவரையும் காப்பாற்றவில்லை. பிராண்ட் அம்முயற்சியைக் கைவிட்டார்.

தொழுநோயில் கை இருக்கிறது, உணர்வு இல்லை. விபத்தில் கையை இழந்தவர்களிடமோ இதற்கு நேர்மாறான நிலை காணப்படுகிறது. கை இல்லை; ஆயினும் அது இருப்பதாகவும், விரல்கள் மடங்குவதாகவும், வலிப்பதாகவும் அவர்கள் உணர்கின்றனர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன் இதனை 1990களில் ஆராய்ந்தார். கையிழந்த இளைஞர் ஒருவரின் கண்களை மூடச்செய்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் மட்டுமன்றி, இல்லாத கையின் பெருவிரலிலும் தொடுதலை உணர்வதாக அவர் கூறினார். மூளையில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி இடம் உண்டு. கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அடுத்தடுத்து அமைந்தவை. செய்தி வராமல் வெறுமையாகிவிட்ட கையின் இடத்திற்குள் முகத்தின் நரம்புச் செய்திகள் நுழைந்துவிட்டன என்று இராமச்சந்திரன் விளக்கினார். கை போனாலும் மூளையில் அதன் வீடு காலியாகக் காத்திருக்கிறது என்று இதனைப் புரிந்துகொள்ளலாம். (மனித மூளையை நேரில் காண விரும்பும் பெங்களூரு மாணவர்கள் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஒசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பதப்படுத்தப்பட்ட மூளைகளைத் தொட்டுப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. உடல் முழுவதன் தொடுதலையும் உணர்ந்தறியும் மூளைக்குத் தன்னைத் தொட்டால் தெரியாது!)

காத்திருக்கும் அவ்விடத்துக்குச் செய்தியை மீண்டும் அனுப்ப முடியுமா என்பதே இன்றைய செயற்கைக் கை ஆய்வின் மையக் கேள்வி. எஞ்சிய தசைகளில் எழும் மின்குறிப்புகளைக்கொண்டு இயங்கும் செயற்கைக் கைகள் முன்பே வந்துவிட்டன. அவற்றில் செய்தி ஒருவழியாகவே செல்கிறது: கட்டளை கைக்குப் போகிறது, பதில் திரும்புவதில்லை. அணிந்தவர் ஒரு தம்ளரைப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், டஸ்டின் டைலர் குழுவினர் 2012இல் கையிழந்த ஒருவரின் எஞ்சிய கையில் நரம்புகளைச் சுற்றி மின்முனைகளை அறுவை செய்து பொருத்தினர். செயற்கை விரல் நுனியிலுள்ள உணரி அழுத்தப்படும்போது அந்நரம்புகளுக்கு மின்துடிப்புகள் செல்லும். ஒரே சீரான துடிப்பு ஊசி குத்துவதுபோன்ற கூச்சத்தையே தந்தது. துடிப்பின் வலிமையை ஏற்றி இறக்கியபோது அது இயல்பான தொடுதலாக மாறியது. கண்ணைக் கட்டிக்கொண்டு செர்ரிப் பழத்தைப் பிடித்து, நசுக்காமல் காம்பை மட்டும் கிள்ளியெடுக்க அவரால் முடிந்தது. இத்தாலியின் ரோம் நகரில் 2013இல் நடந்த மற்றொரு சோதனையில், கண்ணையும் காதையும் மூடிக்கொண்ட ஒருவர், பிடித்திருக்கும் பொருள் கடினமானதா மென்மையானதா என்று செயற்கைக் கையாலேயே கூறினார்.

இந்தியாவில் பிறந்து மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற நிதிஷ் தாக்கர் வழிநடத்திய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, 2018இல் அறுவை சிகிச்சை தேவைப்படாத வழியொன்றைக் காட்டியது. விரல் நுனிகளுக்குமேல் உறைபோல் இடும் மின்தோல் அது. எஞ்சிய கையின் தோல்வழியாகவே நரம்புகளைத் தூண்டி, தொடுதலுடன் வலியையும் அது உணர்த்துகிறது. கூரிய பொருளைப் பிடித்தால் செயற்கைக் கை தானாகவே அதை விட்டுவிடும். பிராண்ட் தோற்ற இடத்துக்கு இது விடையாகத் தோன்றுகிறது: முடிவெடுக்கும் பொறுப்பு இங்கே அணிந்தவரிடம் இல்லை.

இத்தகைய கைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன. இந்தியாவில் இலட்சக்கணக்கானோரை நடக்கவைத்தது, இராமசந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1968இல் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால்தான். பெங்களூருவில் 1994இல் தொடங்கப்பட்ட மொபிலிட்டி இந்தியா அமைப்பு, செயற்கை உறுப்புகளைச் செய்து பொருத்துவதுடன் அக்கலையைக் கற்பிக்கவும் செய்கிறது. உணர்வற்ற காலாயினும் வேலைக்குச் செல்ல உதவும் கால் சிறியதன்று.

கால் போகாமல் தடுப்பது அதனினும் நன்று. வீட்டுப் பெரியவர்கள் 'சுகர்' என்று கூறும் நீரிழிவு நோய் முற்றும்போது பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. செருப்பினுள் கிடக்கும் கல் தெரிவதில்லை. ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்திப் புண்ணாகிறது. புண் ஆறாவிடில் காலையே எடுக்க நேரிடுகிறது. வேலூரில் பிராண்ட் கண்டதும் இதே கதைதான், நோய்தான் வேறு.

ஊரார் இன்றும் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்றழைக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் ஜி. கே. அனந்தசுரேஷ் குழுவினர் இதற்கெனக் காலணி ஒன்றை வடிவமைத்தனர். கர்நாடக நாளமில்லாச் சுரப்பியியல் ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து செய்த அவ்வாய்வு 2022இல் வெளிவந்தது. முப்பரிமாண அச்சில் உருவாகும் அதன் அடிப்பகுதியில் சிறுசிறு வளைவுகள் உள்ளன. பெண்பிள்ளைகள் தலையில் குத்தும் டிக்டாக் கிளிப்பை அழுத்தினால் அது சட்டென்று மறுபக்கம் வளைகிறதல்லவா? இவ்வளைவுகளும் அப்படியே. ஓரிடத்தில் அழுத்தம் அளவுகடந்தால் அங்குள்ள வளைவு உட்புறமாகக் கவிழும். பாரம் அக்கம்பக்கத்துக்கு மாறிவிடும். பாதத்தைத் தூக்கியதும் வளைவு பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். அணிபவரின் பாத அளவையும் நடையையும் பார்த்தே எந்த வளைவு எவ்வளவு பாரத்தில் கவிழவேண்டும் என்று முடிவு செய்கின்றனர். அதில் மின்கலமோ உணரியோ கிடையாது. அணைத்துவைக்க விசையும் இல்லை.