எஃகில் இழைத்த பொன்

நகை என்றதும் நம்மவர் வாயில் முதலில் எழும் வினா, "எத்தனை சவரன்?" என்பதே. குஜராத்தில் குடியேறிப் பல்லாண்டுகள் ஆகியும் இவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கியபாடில்லை. சவரன் கணக்கிற்கு அகப்படாத நகையொன்றைப் பற்றி நேயர்களுக்கு இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அஃது எஃகினால் ஆனது.

அகமதாபாத்தின் அசார்வா நிலையத்திலிருந்து உதயப்பூருக்கு 2022 அக்டோபரில் அகலப்பாதை இரயில் ஓடத் தொடங்கியது முதல், நம் குடும்பங்கள் பல அவ்வூர் ஏரிகளையும் அரண்மனையையும் கண்டு வருகின்றன. (இரயில்வே எழுத்தராகிய நமக்கு அப்பாதையின்மீது தனிப்பற்று உண்டு, பொறுத்தருள்க.) அங்குச் செல்வோர் சிக்லீகர் எனப்படும் கொல்லர்களின் பட்டறை ஒன்றிற்கும் சென்று வருதல் நன்று. வாள் வடித்தும் தீட்டியும் வாழ்ந்த மரபினர் இவர்கள். இவர்களுடைய கலைக்குக் கோப்த்காரி என்று பெயர். அடித்தல் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது.

நாம் சென்ற பட்டறையில் ஒரு முதியவர் கைக்குள் அடங்கும் பதக்கமொன்றைச் செய்துகொண்டிருந்தார். அரத்தால் அராவி மழமழப்பாக்கிய எஃகின்மீது, கூரிய சிற்றுளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். கீறல்கள் அத்துணை நுண்ணியவை; ஒளியில் சாய்த்துப் பார்த்தபோது பட்டுத்துணியின் இழையோட்டம்போல் தோன்றின. அவற்றின் விளிம்பில் எழும் பிசிறுகளே பொன்னைக் கவ்வும் பற்கள். பிறகு மயிரிழை போன்ற பசும்பொற் கம்பியைக் கோலத்தின் நெளிவுபோல் வளைத்து வைத்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்றார். பற்றாசும் இல்லை, பசையும் இல்லை. அனலில் காட்டி, வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்க்க, கம்பி எஃகோடு ஒன்றிவிட்டது. சூட்டினால் எஃகு கருநீலம் பூண, பொற்கொடி அதன்மேல் பளிச்சிட்டது.

உடன் வந்த அம்மையார் ஒருவர், நம் வழக்கப்படியே, எடையைக் கேட்டுவிட்டார். முதியவர் சிரித்தார். "பொன் ஒரு குன்றிமணிகூட இராது, அம்மா. நான்கு நாள் வேலை, அதற்குத்தான் விலை" என்றார். தங்கக் கடையில் செய்கூலியைக் குறைக்கச் சொல்லி வாதாடுவதே நாம் அறிந்த வாணிபம். இங்கோ செய்கூலியைக் கழித்தால் ஓர் இரும்புத் துண்டுதான் எஞ்சும்.

வாளுக்கும் கேடயத்திற்கும் பொன் இழைத்தவர்களை மேவார் அரசு போற்றியது. 1948 ஆம் ஆண்டில் மேவார் இராஜஸ்தான் ஒன்றியத்தில் இணைந்தபின் அவ்வாதரவு குன்றியது. இன்று இவர்கள் பதக்கமும், தோடும், பாக்குவெட்டியும், காகிதம் வெட்டும் கத்தியும், குதிரைத்தலைப் பிடியும், சிறு யானையும் செய்கின்றனர். 2023 ஆம் ஆண்டில் உதயப்பூர்க் கோப்த்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் நாம் கண்ட முதியவரின் மூத்த மகன் தங்கும் விடுதியில் கணக்கெழுதுகிறான். இளையவன் மட்டுமே உளி பிடித்திருக்கிறான். கடைவீதியில் பொன்வண்ணம் பூசிய போலிகள் கால் விலைக்குக் கிடைப்பதே அதற்குக் காரணம் என்றார். வாங்குவோர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டு செல்க. பொன்னை ஒட்டிய இடத்தில் குறுக்குக் கீறல்கள் தெரிந்தால் மெய். வெறும் வழவழப்பாயின் ஐயுறுக.

இரும்பு சனிக்குரியது, மங்கலத்திற்கு ஆகாது என்பார் நம் மூதாட்டியர். வங்காளத்துச் சுமங்கலியரோ 'நோவா' என்னும் இரும்பு வளையைத் தாலிபோல் காத்து அணிகின்றனர். சீக்கியரின் எஃகுக் காப்பை யார் அறியார்! ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. எஃகு நமக்கு அயலார் பொருளன்று.

இதனைப் பேணுவது எளிது. வியர்வை பட்டால் உடனே உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவி வைத்தல் போதும். புளியிட்டுத் துலக்கலாகாது. சூரத்து, சென்னை போன்ற கடற்கரையூர்களுக்குப் பரிசாக அனுப்புவோர் இதனையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்து அனுப்புக.