கொள்ளுத்தாத்தாவைத் தேடுவோம்

“உன் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?” எட்டாம் வகுப்பில் கேட்டேன். இரண்டு கைகளே உயர்ந்தன. ரயத்துவாரி முறையைக் கற்பிக்கும்போது இந்தத் தேடலையே ஒரு செயல்பாடாக்கலாம்.

முதல் படி, வீடு. பேரனுக்குத் தாத்தா பெயரிடும் வழக்கமும் பெயரின் முன்னெழுத்தும் தலைமுறைகளை இணைக்கும். குலதெய்வக் கோயில் உள்ள ஊர், முன்னோர் வாழ்ந்த ஊராகவும் இருக்கலாம்.

இரண்டாம் படி, பத்திரம். பழைய பட்டா, கிரயப் பத்திரம் இருந்தால் கிராமத்தின் பெயரையும் புல எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி, அரசு ஆவணம். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல்தான் உருவானது. அரியலூர் 2007-இல் அதிலிருந்து பிரிந்தது. எனவே 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளைத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும். ரயத்துவாரி கிராமங்களின் நிலவரித்திட்டப் பதிவேடுகளில் புல எண், பரப்பு, தீர்வையுடன் பட்டாதாரர் பெயரும் இருக்கும். பழைய வருவாய்த்துறை ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உடையார்பாளையம் போன்ற ஜமீன்களில் குடிகளிடம் வரி வசூலித்தது ஜமீன்தான். அங்கே ஜமீன் கணக்குகளை நாட வேண்டும்.

“எங்களுக்கு நிலமே இல்லை டீச்சர்” என்றாள் ஒரு மாணவி. பட்டா, தீர்வை கட்டியவரின் பெயரைச் சொல்லும். நாற்று நட்டவர், களை எடுத்தவர், ஏர் ஓட்டிய பண்ணையாள் பெயரைச் சொல்லாது. அவர்களும் உழவர்களே. அவர்கள் வரலாறு பாட்டிகளின் நினைவில் இருக்கிறது.

ஆகவே நிலத்தின் அளவையோ சாதியையோ கேட்க வேண்டாம். என்ன பயிர், என்ன வேலை, என்ன கூலி என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அந்த மாணவி மறுநாள் தன் கொள்ளுப்பாட்டியின் பெயரை எழுதி வந்தாள்.