பிளாக்ஃபிரையர்ஸ் பாலமும் ஹோல்பர்ன் மேம்பாலமும்

பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் என்பது இங்கிலாந்தின் இலண்டன் நகரில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள சாலைப் பாலம் ஆகும். ஹோல்பர்ன் மேம்பாலம் அதற்கு வடக்கே, இன்று நிலத்தடியில் ஓடும் ஃபிளீட் ஆற்றின் பள்ளத்தாக்கைக் கடக்கும் உயர்சாலை ஆகும். இவ்விரண்டையும் விக்டோரியா மகாராணி 1869 நவம்பர் 6 அன்று, ஒரே நாளில் திறந்து வைத்தார். ஒன்று நீரின் மேலும் மற்றொன்று தெருவின் மேலும் கட்டப்பட்டிருந்தாலும், நெரிசலில் திணறிய பழைய நகரத்தில் வண்டிகள் தடையின்றிச் செல்ல வழி அமைப்பதே இரண்டின் நோக்கமாகவும் இருந்தது. ஆகவே இக்கட்டுரை இவற்றைச் சேர்த்தே விளக்குகிறது.

பழைய பாலம்

இவ்விடத்தில் முதல் பாலம் 1760 இல் தொடங்கி 1769 இல் கட்டி முடிக்கப்பட்டது. இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் மில்ன் என்பவர் இதனை வடிவமைத்தார். போர்ட்லாந்து என்னும் இடத்தில் வெட்டியெடுக்கப்பட்ட வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆன இப்பாலத்தில் ஒன்பது நீள்வட்ட வளைவுகள் இருந்தன. தொடக்கத்தில் பாலத்தைக் கடப்போரிடம் சுங்கம் வசூலிக்கப்பட்டது. 1780 இல் நடந்த கார்டன் கலவரத்தின்போது மக்கள் சுங்கச்சாவடியைத் தீயிட்டனர். 1785 இல் சுங்கம் நீக்கப்பட்டது.

பாலத்துக்குச் செல்லும் வடபுறச் சாலைக்காக, ஃபிளீட் ஆற்றின் கடைசிப் பகுதி 1766 இல் மூடப்பட்டது. அவ்வாற்றின் மேற்பகுதி 1730களிலேயே மூடப்பட்டுவிட்டது. கழிவும் இறைச்சிக்கூடக் குப்பையும் சேர்ந்து அது ஆறு என்னும் பெயருக்குத் தகுதியற்றதாகி நெடுங்காலம் ஆகியிருந்தது. எனினும் மூடப்பட்டதால் ஆறு மறைந்துவிடவில்லை. அது தெருவுக்கு அடியில் சாக்கடையாகத் தொடர்ந்து ஓடியது. ஆறு அறுத்த பள்ளத்தாக்கும் அப்படியே இருந்தது.

பாலம் பழுதுபட்ட காரணம்

நூறு ஆண்டுகள்கூட நிறைவுறாத ஒரு கற்பாலத்தை ஏன் இடிக்க நேர்ந்தது என்னும் கேள்விக்கான விடை, ஆற்றோட்டத்தில் சற்றுக் கீழே இருந்த வேறொரு பாலத்தில் உள்ளது.

இடைக்காலத்தில் கட்டப்பட்ட பழைய இலண்டன் பாலம் குறுகிய வளைவுகளும் மிகப் பருத்த தூண்களும் கொண்டது. ஆற்றின் அகலத்தில் பெரும்பகுதியை அத்தூண்களே அடைத்துக்கொண்டிருந்தன. எனவே அது ஒரு பாலமாக மட்டுமன்றி, பாதி மூடிய அணையாகவும் செயற்பட்டது. தேம்ஸ் கடல் ஓதம் ஏறி இறங்கும் ஆறு. ஓதம் வடியும்போது பாலத்துக்கு மேற்புறம் நீர் தேங்கி மெதுவாகவே இறங்கியது. கடுங்குளிர் காலத்தில் மேற்புறம் ஆறு உறைந்துபோவதற்கும் இத்தேக்கம் ஒரு காரணமாகும்.

1831 இல் அகன்ற ஐந்து வளைவுகளைக் கொண்ட புதிய இலண்டன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் பழையது இடிக்கப்பட்டது. தடை நீங்கியதும் ஓதநீர் முன்னைவிட வேகமாக ஏறி இறங்கலாயிற்று. வேகம் கூடிய நீர் ஆற்றுப்படுகையின் மணலையும் சரளையையும் வாரிச் சென்றது. நீரோட்டம் தூண்களின் அருகே சுழலும்போது இவ்வரிப்பு மேலும் கடுமையாகும். பாலப் பொறியியலில் இன்றுவரை மிகவும் அஞ்சப்படும் பழுதுகளுள் இதுவும் ஒன்று. மேலிருந்து பார்ப்பவருக்குத் தூண் உறுதியாக நிற்பதாகவே தோன்றும். அதன் காலடி மண் கரைந்துகொண்டிருப்பது தெரியாது.

மில்னின் பாலத் தூண்கள், மிதக்கும் பெரிய மரப்பெட்டிகளுக்குள் கட்டி, அப்பெட்டிகளோடு படுகையில் அமிழ்த்தப்பட்டவை. ஆழம் குறைந்த இத்தகைய அடித்தளம் பழைய நீரோட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. புதிய நீரோட்டத்துக்குப் போதவில்லை. இதே காரணத்தால் வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும் இறங்கத் தொடங்கியதால், அதற்குப் பதிலாக 1862 இல் வேறு பாலம் கட்டி முடிக்கப்பட்டது. பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தில் 1830களில் பெரும் பழுதுபார்ப்பு நடைபெற்றது. ஆயினும் சிதைவு நிற்கவில்லை. மில்னைக் குறைகூறுவது முறையாகாது என்றே தோன்றுகிறது. தம் பாலத்துக்குக் கீழே உள்ள ஆறே மாறிவிடும் என்பதை அவர் எண்ணியிருக்க வழியில்லை.

புதிய பாலம்

பழைய பாலம் 1864 இல் மூடப்பட்டு, போக்குவரத்துக்காக மரத்தாலான தற்காலிகப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. புதிய பாலத்தை வடிவமைத்தவர் ஜோசப் கியூபிட் என்னும் பொறியாளர். இதன் செலவை, இலண்டன் பாலத்துக்காக இடைக்காலம் முதல் சேர்ந்துவந்த நிலவாடகையையும் நன்கொடைகளையும் நிருவகித்த பிரிட்ஜ் ஹவுஸ் எஸ்டேட்ஸ் என்னும் அறநிதி ஏற்றது. ஆகவே மக்களிடம் சுங்கம் வசூலிக்கத் தேவை ஏற்படவில்லை.

கியூபிட் விரும்பியபடியெல்லாம் வரைந்துவிட முடியவில்லை. புதிய பாலத்தை ஒட்டியே கிழக்கில் ஒரு தொடருந்துப் பாலமும் அக்காலத்தில் எழுந்தது. அதையும் அவரே வடிவமைத்தார். இரு பாலங்களின் தூண்களும் வெவ்வேறு கோடுகளில் நின்றால் படகுகள் ஒன்றைக் கடந்ததும் மற்றொன்றில் மோதும் நிலை உண்டாகும். எனவே இரண்டின் தூண்களும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒன்பது கல்வளைவுகள் இருந்த இடத்தில் ஐந்து இரும்பு வளைவுகள் வந்தன. நடுவளைவின் அகலம் 185 அடி; பாலத்தின் மொத்த நீளம் 923 அடி (281 மீட்டர்).

வளைவுகள் தேனிரும்பால் ஆனவை. உருக்கி அச்சில் ஊற்றப்படும் வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் இழுவிசைக்கு ஆளானால் முன்னறிவிப்பின்றி உடைந்துவிடும். அடித்தும் உருட்டியும் செய்யப்படும் தேனிரும்போ சற்று வளைந்து கொடுக்கும். வண்டிகள் நகர நகர வளைவின் ஒவ்வொரு பகுதியிலும் விசை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டையான நீண்ட வளைவுக்குத் தேனிரும்பு பாதுகாப்பானது. அடித்தளத்துக்காக இரும்புக் கூடுகளை ஆற்றுப்படுகையில் இறக்கி, உள்ளே தோண்டி, சரளைக்குக் கீழே உள்ள களிமண் வரை சென்றனர். பழைய பாலத்தின் கதையிலிருந்து கற்ற பாடம் இது எனலாம்.

தூண்களின் மேல் செந்நிறக் கருங்கல் கம்பங்கள் நிற்கின்றன. அவற்றின் தலைப்பகுதியில் ஜான் பர்னி பிலிப் என்னும் சிற்பி பறவைகளையும் செடிகளையும் செதுக்கியுள்ளார். கடலை நோக்கிய கிழக்குப் பக்கத்தில் கடற்பறவைகளும் கடல்வாழ் உயிர்களும், ஆற்றின் மேற்புறத்தை நோக்கிய மேற்குப் பக்கத்தில் நன்னீர்ப் பறவைகளும் உள்ளன. பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்போருக்கு இவை எளிதில் தெரிவதில்லை. படகில் செல்வோருக்கே தெரியும். கம்பங்களுக்கு மேலுள்ள மாடங்கள் திருச்சபைப் பிரசங்க மேடையின் வடிவில் உள்ளன. கருப்பு அங்கி அணிந்த டொமினிக்கன் துறவிகளின் மடம் இங்கு இருந்ததால்தான் இவ்விடத்துக்கு இப்பெயர் ஏற்பட்டது.

ஹோல்பர்ன் பள்ளத்தாக்கு

மேற்கிலிருந்து இலண்டன் மாநகரின் வணிகப் பகுதிக்கு வரும் முதன்மைச் சாலைகளுள் ஒன்று ஹோல்பர்ன் வழியாகச் செல்கிறது. இச்சாலை ஃபிளீட் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்கி, மறுகரையில் மீண்டும் ஏறியது. பாரம் ஏற்றிய வண்டியை மேலே இழுக்கும் குதிரைகள் திணறின. இறங்கும்போது ஈரக் கற்களில் குதிரைகள் சறுக்கி விழுந்தன. ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் அனைத்தும் நின்றன.

மாநகராட்சியின் பொறியாளர் வில்லியம் ஏவூட் பள்ளத்தை மேலேயே கடந்துவிடத் திட்டமிட்டார். 1863 இல் தொடங்கிய வேலை ஆறு ஆண்டுகள் நீடித்தது. ஏறத்தாழ 1,400 அடி நீளமும் 80 அடி அகலமும் கொண்ட இச்சாலையைப் பெரும்பாலான இடங்களில் மேம்பாலம் என்று அறியவே முடியாது. இருபுறமும் கட்டிடங்கள் இருப்பதால் சாதாரணத் தெருவைப் போலவே தோன்றும். ஃபாரிங்டன் தெருவைக் கடக்கும் இடத்தில் மட்டும் அலங்காரமான வார்ப்பிரும்புப் பாலம் கண்ணில் படும். அதன் மேல் வணிகம், வேளாண்மை, அறிவியல், நுண்கலை ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு வெண்கலச் சிலைகள் உள்ளன. திறப்புவிழா முடிந்த சில நாட்களிலேயே கருங்கல் தூண்களில் விரிசல்கள் காணப்பட்டு, நாளிதழ்களில் அச்சம் எழுந்தது. ஆபத்து எதுவும் நேரவில்லை. பாலம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இம்மேம்பாலத்தின் சிறப்பு, சாலைக்கு அடியில் உள்ளது. இருபுறமும் ஆள் நடந்து செல்லக்கூடிய சுரங்க வழிகள் அமைத்து, எரிவளிக் குழாய், குடிநீர்க் குழாய், தந்திக் கம்பி ஆகியவற்றை அவற்றினுள் பொருத்தினர்; அதற்கும் கீழே கழிவுநீர்க் கால்வாய் சென்றது. குழாய் பழுதானால் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. ஒரு துறை போட்ட சாலையை மறு வாரமே மற்றொரு துறை வெட்டுவதைக் கண்டு பழகிய எந்நாட்டு வாசகருக்கும் இதன் அருமை விளங்கும்.

இதன் பயனை ஏவூட் எதிர்பாராத ஒரு தொழில்நுட்பமும் பெற்றது. 1882 இல் எடிசனின் நிறுவனம் இங்கு ஒரு மின்நிலையத்தை நிறுவித் தெருவிளக்குகளுக்கு மின்சாரம் வழங்கியது. பொதுப் பயன்பாட்டுக்கு மின்சாரம் அளித்த உலகின் முதல் நிலக்கரி மின்நிலையமாக இது கருதப்படுகிறது. தெருவைத் தோண்டாமலே கம்பிகளைக் கொண்டுசெல்ல முடிந்ததே இவ்விடம் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம். வருவாய் போதாமையால் இந்நிலையம் 1886 இல் மூடப்பட்டது.

செலவும் இழப்பும்

ஹோல்பர்ன் பணிக்கு இருபது இலட்சம் பவுண்டுக்கும் மேல் செலவானது. இதில் பெரும்பகுதி கல்லுக்கும் இரும்புக்கும் அன்றி, வழியில் இருந்த சொத்துகளை வாங்குவதற்கே சென்றது. இத்தகைய பணிகளுக்கு முக்கிய வருவாயாக இருந்தது இலண்டனுக்குள் வரும் நிலக்கரி மீதான தீர்வை. இங்கிலாந்துக் குளிரில் நிலக்கரி செல்வரின் வீட்டுக்கு மட்டும் தேவையான பொருளன்று. அடுப்பு மூட்டிய ஒவ்வொரு ஏழையும் சிறிதளவேனும் இத்தெருக்களுக்குப் பணம் கொடுத்தார் என்றே கூற வேண்டும். இத்தீர்வை 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. தீர்வை எல்லையைக் குறித்த இரும்புக் கம்பங்கள் பல, நகரைச் சுற்றி இன்றும் நிற்கின்றன.

மேம்பாலத்தின் பாதை புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தை ஊடறுத்தது. அங்கிருந்து 11,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டு, நகருக்கு வெளியே இல்ஃபர்டு அருகிலுள்ள மாநகராட்சி இடுகாட்டில் மீண்டும் புதைக்கப்பட்டன. அவ்விடுகாட்டையும் ஏவூட்டே வடிவமைத்திருந்தார்.

இறந்தோருக்கு இவ்வாறு மாற்றிடம் கிடைத்தது. உயிரோடு இருந்தோரின் நிலை வேறு. இப்பள்ளத்தாக்கின் சந்துகளில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமாக மக்கள் வாழ்ந்தனர். வீட்டு உரிமையாளருக்கும் நீண்டகாலக் குத்தகைதாரருக்கும் இழப்பீடு உண்டு. வாரவாடகைக்கு இருந்தவருக்கு இல்லை. வெளியேற்றப்பட்டோருக்கு வீடு கட்டித்தர வேண்டும் என்று அக்காலத் தெருச் சீரமைப்புச் சட்டங்கள் பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. துறைமுகம், சந்தை, அச்சகம் ஆகிய இடங்களில் அன்றாடக் கூலி பெற்றவர்கள் வேலைக்கு நடந்து செல்லும் தொலைவைவிட்டு விலக இயலாது. எனவே அவர்கள் பக்கத்துச் சந்துகளுக்கே சென்றனர். அங்கு நெரிசலும் வாடகையும் உயர்ந்தன. சேரியை அகற்றுவதாகக் கூறப்பட்ட பணி சேரியை நகர்த்தியது. மாநகராட்சி 1865 இல் ஃபாரிங்டன் சாலையில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைக் கட்டியது. இடிபட்ட வீடுகளின் எண்ணிக்கைக்கு அது ஈடாகவில்லை. 1875 இல் வந்த கைவினைஞர் குடியிருப்புச் சட்டமே இடித்த இடத்தில் மாற்று வீடுகளுக்கு வழிசெய்யும் கடமையை முதன்முறையாகத் தெளிவாக விதித்தது.

பிற்காலம்

பாலத்தின் வடமுனையில் 1870 இல் விக்டோரியா அணைக்கரைச் சாலையும், 1871 இல் விக்டோரியா மகாராணி தெருவும் வந்து சேர்ந்தன. பாலம் 1907 முதல் 1910 வரை மேற்குப் புறத்தில் அகலப்படுத்தப்பட்டு 70 அடியிலிருந்து 105 அடியானது. பக்கத்துத் தொடருந்துப் பாலத்தின் மேற்றளம் 1985 இல் அகற்றப்பட்டது; அதன் செந்நிறத் தூண்கள் மட்டும் எதையும் தாங்காமல் ஆற்றில் நிற்கின்றன. ஹோல்பர்ன் மேம்பாலத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த படிக்கட்டுக் கட்டிடங்களுள் வடபுறத்தவை இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்து, பிற்காலத்தில் மீண்டும் கட்டப்பட்டன.

ஃபிளீட் ஆறு பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அடியிலேயே தேம்ஸில் கலந்தது. பெருமழைக் காலங்களில் அதன் வழியே கழிவுநீரும் ஆற்றில் சேர்ந்துவந்தது. தேம்ஸுக்கு அடியில் கட்டப்பட்டு 2025 இல் முழுமையாக இணைக்கப்பட்ட பெருஞ்சுரங்கக் கால்வாய், இப்பாலத்தின் அருகே அக்கழிவுநீரை இடைமறித்துக் கிழக்கு நோக்கிக் கொண்டுசெல்கிறது.